முதலாளியம்மா சேலையில ராணி அழுத பாட்டு

படகு ஜெட்டியில யானை சங்காடத்துல ஏறமாட்டேன்னு மூணு நாள் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா உங்களுக்கெல்லாம்? ரெண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டி மேல பலகை போட்ட சங்காடம். அக்கரைக் கோயில் உற்சவத்துக்குக் கொண்டு போக வந்த யானை. பலகையில ஒரு காலை வெக்கும், அது ஆடும், காலை எடுத்துக்கும். பாகன் கெஞ்சினான், திட்டினான். கடைசியில வழி காட்டுறேன்னு அவனே ஏறி நின்னான், கயிறு அவுந்து அவன் மட்டும் அக்கரைக்குப் போயிட்டான். யானை இக்கரையில நின்னு வாழைப்பழம் தின்னுச்சு. அந்த வருஷம்தான் நான் சொல்றது. யானை போன பின்னே வந்த மழைக்காலம். நம்ம வாட்ஸ்அப் குரூப்பு டைலர் உடனே சொல்லுவான், யானை வந்தது அவன் தங்கச்சி பொறந்த வருஷம்னு. இல்லப்பா. உன் தங்கச்சி பொறந்தப்ப வந்தது ஒட்டகம்.

எனக்குப் பத்து இருக்கும், இல்ல பதினொண்ணு. பள்ளிக்கூடம் போயிருந்தா எந்த கிளாஸ்ல இருந்தேன்னு வெச்சுச் சொல்லலாம். போகலியே. அதனாலதான் நீங்கெல்லாம் குரூப்புல எழுதுறீங்க, நான் போனை வாய்கிட்ட பிடிச்சுக்கிட்டுப் பேசுறேன். பொறுமையாக் கேளுங்க. பாதியில நிறுத்திட்டுச் சாயா குடிக்கப் போகாதீங்க.

டைலர் கேட்டான், பாட்டு நாடகம், பாட்டுப் படம், இதுல யாருக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும்னு. ஆளாளுக்குச் சொன்னீங்க. பூக்காரன் இருபது பாட்டு இருந்த ஒரு படத்தைச் சொன்னான். சரி. அப்புறம் இடக்கொச்சியில இருந்து ஒரு பொண்ணு எழுதினதை டைலர் நம்ம குரூப்புல போட்டான். என் மருமக எனக்கு வாசிச்சுக் காட்டினா. "எங்க கொள்ளுப்பாட்டி வெளுக்குற வீட்டுக்காரி. அந்தக் காலத்துலயே முதலாளியம்மாவோட பட்டுச்சேலையை உடுத்திக்கிட்டு ராணி மாதிரி பாட்டு நாடகம் பார்க்கப் போனவ. எங்க குடும்பத்தோட முதல் ஹீரோயின் அவதான்." அதுக்கு நீங்க எல்லாரும் கை தட்டுற பொம்மை போட்டீங்களாம். அறுபதோ எழுபதோ. மருமக எண்ண ஆரம்பிச்சா, போதும்னுட்டேன்.

த்தூ. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு மேல இல்ல. அது என்ன செய்யும், கேட்டதைச் சொல்லுது. அந்தக் கொள்ளுப்பாட்டி என் அத்தை. என் அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. அவ அந்தச் சேலையை உடுத்தலை. அதை அறிஞ்சவங்கள்ல இன்னைக்கு உசுரோட இருக்குறது நான் ஒருத்தன்தான். அதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். யானையில போய் மாட்டிக்கிட்டேன்.

நாங்க துறையில வெளுத்துப் பொழைச்சவங்க. அப்பாவுக்குத் துறையில ஒரு கல்லு. அடிச்சுத் துவைக்கிறது அப்பா. கஞ்சி போடுறதும் இஸ்திரி போடுறதும் அத்தை. அத்தைக்கு அப்ப பதினெட்டு இருக்கும், கல்யாணம் ஆகலை. சிரட்டைக் கரி போட்ட பெட்டியைத் தள்ளிக்கிட்டே பாடுவா. எந்தப் படம் வந்தாலும் அவளுக்குப் பாட்டு முழுசாத் தெரியும், படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. கொட்டகை வாசல்ல நின்னவங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சது. மூட்டையைக் கொண்டு போய்க் கொடுக்குறது நான்.

அந்தக் காலத்துல எந்த நாடகக் கம்பெனி வந்தாலும் முதல்ல வர்றது வெளுக்குறவன் வீட்டுக்குத்தான். ராஜாவுக்குக் கோட்டு வேணும், ராணிக்குச் சேலை வேணும். அவங்க பெட்டியில இருக்குறதெல்லாம் மூட்டைப்பூச்சி. நம்மகிட்ட ஊர்ல இருக்குற வலிய வீட்டு, அதான் பணக்காரங்க வீட்டுத் துணியெல்லாம் இருக்கும். வெளுக்க வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை மேடை ஏறிட்டு, மறுபடி வெளுத்துத் திங்கக்கிழமை வீட்டுக்குப் போயிடும். இது எல்லாருக்கும் தெரியும். துறைக்குத் தலைவரா இருந்த மூப்பருக்கும் தெரியும். அவரும் கொடுத்திருக்கார். நமக்குக் கூலி, முன்வரிசையில தரையில உட்கார இடம்.

ஆனா துறையில ஒரு சட்டம் இருந்துச்சு. கொடுக்கலாம், உடுத்தக்கூடாது. வீட்டுக்காரங்க துணி வெளுக்குறவங்க உடம்புல ஏறக்கூடாது. ஏறினா அவங்க கை அப்புறம் இஸ்திரிப் பெட்டியில படக்கூடாது. இப்ப நினைச்சா, யாரு யாரைப் பார்த்து அருவருத்துக்கிட்டாங்கன்னே விளங்கலை.

அந்த மழைக்கு வந்த கம்பெனி பஜார்ல இஞ்சிக் கிடங்குல ஆட்டம் போட்டுச்சு. மழையில வேற எங்க போடுறது? கிடங்கு முதலாளி விளக்குக் கொளுத்த விடலை, சாக்கு பத்திக்கும்னு. அதனால ஆட்டம் மத்தியானம் மூணு மணிக்கு. கூரையில நாலு ஓடு எடுத்துட்டுக் கண்ணாடி வெச்சாங்க, அந்த வெளிச்சம்தான். அது போதும்.

பெரிய சங்கடம் என்னன்னா சுக்குத்தூள். எத்தனை கூட்டினாலும் தரையில இருக்கும். ராஜா வாளை உருவினா தும்முவாரு. மந்திரி சதி பேசும்போது தும்முவான். ஆர்மோனியக்காரர் ரொம்ப சாமர்த்தியம், தும்மல் வர்ற முகத்தைப் பார்த்துட்டா போதும், ஒரு இழு இழுத்துத் தும்மலைச் சுருதியில மூடிடுவாரு. ஜனங்க அதுக்கும் விசில் அடிப்பாங்க.

எனக்கு ஏன் பிடிக்கும்னு கேட்டீங்கல்ல, அதைச் சொல்லிடறேன். ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருப்பாங்க. சண்டையோ காதலோ ஏதோ ஒண்ணு. ஒரு இடத்துல பேச்சு முட்டிக்கும், இதுக்கு மேல வார்த்தை இல்லன்னு. அப்ப ஆர்மோனியக்காரர் கை லேசா நகரும். பாட்டு இன்னும் வரலை, வரப்போகுது. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கு பாருங்க, ஊரே மூச்சை உள்ள பிடிச்சுக்கிட்டு இருக்கும். அதுதான் எனக்கு. சினிமாவுலயும் அதே. இப்ப வர்றதுல அது இல்ல. பேச்சு முட்டுறதுக்கு முன்னாடியே அம்பது பேரு பனியில குதிக்கிறான். எதுக்குடா குதிக்கிறேன்னு கேட்கத் தோணுது. இன்னொண்ணு, கெட்டவனுக்கும் ஒரு பாட்டு கொடுப்பாங்க. அவனும் மனுஷன், அவனுக்கும் முட்டும்.

சரி, சேலைக்கு வரேன்.

கம்பெனியில ராணி வேஷம் கட்டுறவளுக்கு நாப்பது வயசு இருக்கும். முன்பல்லு ஒண்ணு இல்ல, அதுக்கு வெள்ளை மெழுகு வெச்சிருப்பா. குரல் மட்டும் தேன். அன்னைக்கு ராணியை ராஜா சந்தேகப்பட்டு விரட்டுற நாடகம். அவ ஒரு தப்பும் பண்ணலை. ராஜா கால்ல விழுந்து, நான் செய்யலைன்னு பாடணும். அதுக்கு நல்ல சேலை வேணும்னு கம்பெனிக்காரர் வந்து கேட்டாரு. அப்பா எடுத்தது கிடங்கு முதலாளி வீட்டம்மா சேலை. கத்திரிப்பூ நிறம், கடுகு மஞ்சள் கரை, கரையில மாங்கா.

"அண்ணே, அது வேணாம்"னு அத்தை சொன்னா. "முதலாளியம்மா முதல் வரிசையில உட்காருவாங்க. கிடங்கே அவங்களுது."

"மேடையில எவ சேலைன்னு எவளுக்குத் தெரியும்? நீ பெட்டியைப் பாரு, புள்ளை."

"அந்த வீடு போனா அதோட முப்பது வீடு போகும். அவங்க சொல்லித்தானே மத்தவங்க போடுறாங்க."

"உன் வாயில சுக்கு வெக்க."

அத்தை சிரிச்சுட்டா. என்கிட்ட மட்டும் சொன்னா, "மருமவனே, ராணி அழுற பாட்டை நல்லாக் கேட்டுக்கிட்டு வா. வரி விடாம வேணும். நான் வரலை, மழையில காயாத துணி கிடக்கு."

சேலையைக் கொண்டு போனது நான்தான். வேஷம் கட்டுற இடம் சாக்குத் தடுப்புக்குப் பின்னாடி. அந்த நாத்தம் இருக்கே, ஐயோ. ஒட்டுமீசைப் பசை, விளக்கெண்ணெயில குழைச்ச மை, ஈரச் சாக்கு, மத்தி மீன் குழம்பு, வெத்திலை எச்சில், எல்லாம் ஒண்ணா. ராஜா கோட்டைக் கழட்டி உள்பக்கம் வெளிய தொங்கவிட்டிருந்தாரு. கக்கத்துல உப்பு வரி வரியாக் காஞ்சு நின்னுச்சு. அடுத்த நாள் அதை முகர்ந்து வெளுக்கப் போறது நாம. இன்னைக்கும் பாட்டுன்னா எனக்கு முதல்ல மூக்குலதான் வரும், அப்புறம்தான் காதுல.

ராணி சேலையைத் தொட்டுப் பார்த்துட்டு, "டேய் குட்டி, இது யார் வீட்டு மகாலட்சுமிடா? உடுத்தவே பயமா இருக்கு. கிழிஞ்சா உங்கப்பன் என்னைக் கிழிப்பானா?"ன்னா.

"தரையில விழாதீங்கக்கா. சுக்குத்தூள் ஏறினாப் போகாது."

"விழலைடா. முழங்கால் போட்டுப் பாடிடறேன். சத்தியம்." மெழுகுப் பல்லைக் காட்டிச் சிரிச்சா.

நான் போய்த் தரையில உட்கார்ந்தேன். எனக்குப் பின்னாடியே நாற்காலியில முதலாளியம்மா, பக்கத்துல அவங்க நாத்தனார். ராணி வந்ததும் முதலாளியம்மா, "பாருடி! ராணி என்னோட சேலை மாதிரியே கட்டியிருக்கா! அந்த மாங்காக் கரை, அதே நிறம்!"ன்னாங்க. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். ஆனா அவங்க குரல்ல கோவம் இல்ல. பெருமை. நாத்தனார் விடுவாளா? "சேலை இருந்தாப் போதுமா அண்ணி, அந்த மூக்குக்கு எங்க போவீங்க?" "போடி. அடுத்த ஞாயிறு நான் அதைக் கட்டிக்கிட்டு வந்து இங்கயே உட்காருவேன். ராணி என்னைப் பார்க்கட்டும். நாங்க ரெண்டு பேரும் ஒரே சேலை." சின்னப் பிள்ளை மாதிரி தொடையில தட்டிக்கிட்டாங்க. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. நானும் வெச்சிருக்கேன், அதான் என் நோய்.

பாட்டு வந்துச்சு. ராணி சொன்னபடி முழங்கால்தான் போட்டா. மூணாவது அடி வந்ததும் அவளுக்கே தாங்கலை. தொபுக்குன்னு விழுந்தா. ராஜா காலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில புரண்டா. கண்ணுல இருந்து மை வழிஞ்சு முந்தானையில இறங்குது. பாட்டு என் முதுகுத்தண்டுல ஏறுது, நானோ முந்தானையைப் பார்க்குறேன். அழுகை வருது, பாட்டுக்கா சேலைக்கான்னு தெரியலை.

முடிஞ்சதும் கிடங்கு அதிர, "ஒன்ஸ்மோர்!" ராணி எழுந்து தூசி தட்டினா. என்னைப் பார்த்தா. மன்னிச்சுக்கடான்னு ஒரு கண்ணைச் சிமிட்டினா. மறுபடி விழுந்தா. ரெண்டாவது ஒன்ஸ்மோர் கேட்டது முதலாளியம்மா, கைக்குட்டையை வீசி, "ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்"னு அழுதுக்கிட்டே. அவங்க சேலை நாசமாகுது, அவங்கதான் கேட்குறாங்க. மூணாவது ஒன்ஸ்மோருக்குக் கத்தினவங்கள்ல என் தொண்டையும் இருந்துச்சு. ஆமா. கத்திட்டேன். வாயை மூடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு.

நாலு தடவை கேட்டதால பாட்டு எனக்கு வரி விடாம வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து அத்தைக்குச் சொல்லச் சொல்ல, அவ அரிசிமாவைத் தூவி மைக்கறையை எடுத்தா. பூந்திக்கொட்டை நுரையில அலசினா. பாடிக்கிட்டே அலசினா. கறை போயிடுச்சு. காலையில இஸ்திரிப் பெட்டியை வெச்சதும், தூங்கிக்கிட்டிருந்த நாத்தம் எழுந்து உட்கார்ந்துச்சு. வேர்வை, விளக்கெண்ணெய், சுக்கு. அத்தை முகம் வெளுத்துப் போச்சு. "அண்ணே, இன்னும் ரெண்டு நாள் கேளு. இது போகலை." அப்பா கேட்கலை. திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமைன்னு, என்னையும் கூட்டிக்கிட்டு அவரே கிளம்பினாரு.

முதலாளியம்மா வாசப்படியில நின்னு சேலையை ஆசையா வாங்கினாங்க, மடிப்பைப் பிரிச்சாங்க, மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. மூஞ்சி சுருங்குச்சு.

"யாரோ உடுத்தியிருக்காங்க."

அப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க.

"யாருடா உடுத்தினா? சொல்லு."

நான் மூட்டையோட பக்கத்துல நிக்கிறேன். எனக்குத் தெரியும். நாடகக்காரி உடுத்தினாம்மா, நேத்து நீங்க அழுதீங்களே அந்த ராணின்னு சொன்னா, அந்தம்மா அந்தச் சேலையைக் கண்ணுல ஒத்திக்குவாங்க. சாமி பெட்டியில வெச்சுப் பூட்டுவாங்க. அப்பாவுக்கு அது தெரியாது. நேத்து ஆட்டத்தப்ப அவரு மேடைக்குப் பின்னாடி இருந்தாரு. அவர் கணக்குல நாடகக்காரி தொட்டதைவிட அசிங்கம் உலகத்துல இல்ல. அதைவிடச் சின்னத் தப்பா ஒண்ணைத் தேடினாரு. தேடி, "என் தங்கச்சிம்மா. ஆசைப்பட்டுட்டா. சின்னப் பொண்ணு, பொறுத்துக்கங்க"ன்னாரு.

அந்தம்மா கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். சேலையைக் கீழ போட்டுட்டு, கையை முந்தானையில துடைச்சாங்க. மூலையில இருந்த குடையை எடுத்து, அதோட நுனியால சேலையைத் தள்ளித் தள்ளிப் படியில இருந்து முத்தத்துச் சேத்துல விட்டாங்க. "வண்ணாத்தி உடம்புல பட்டதை நான் உடுத்தவா? கொண்டு போ. அவளே கட்டிக்கட்டும்." அப்புறம் உள்ள திரும்பி நாத்தனார்கிட்ட, அழுற குரல்ல, "என் ராணி சேலை போச்சுடி. நாடகக்காரி கட்டின மாதிரியே இருந்துச்சு. அவ கட்டியிருந்தாக்கூட நான் சந்தோஷமா வெச்சிருப்பேன்."

அப்பா அதைக் கேட்டாரு. கேட்டதை நான் பார்த்தேன். காது மடல் சிவந்துச்சு. இப்ப உண்மையைச் சொல்லலாம். சொன்னா ஒரு நிமிஷம் முன்னாடி சொன்னது பொய்யாயிடும். சேத்துல இருந்து சேலையைச் சுருட்டி என் தலையில வெச்சாரு. தெருமுனை திரும்புனதும், "வாயைத் திறக்காதே"ன்னாரு. அவ்வளவுதான். தண்ணி என் கழுத்துல வடிஞ்சுது. சேறும் ராணி வேர்வையும். எனக்கு அங்கயே வாந்தி வந்துடுச்சு.

அந்த வீட்டு வெளுப்பு எங்க கையை விட்டுப் போகலை, முப்பது வீடும் தப்பிச்சுது. ஆனா அந்தம்மா சும்மா இல்ல. மூப்பர்கிட்ட ஆள் அனுப்பிச் சொன்னாங்க. சாயங்காலம் துறையில எல்லாரும் கூடினாங்க. மூப்பர் கேட்டாரு, "உடுத்தினியா?"

"உடுத்தலை"ன்னா அத்தை. ஒரே தடவை. அப்புறம் அப்பாவைப் பார்த்தா. அப்பா கல்லைப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தா. நான் பத்து வயசுப் பையன், மூப்பர் மடியில ஏறி நின்னு கத்தியிருக்கலாம். முந்தின நாள் கிடங்குல கத்தத் தெரிஞ்ச தொண்டைதானே? கத்தலை.

"அண்ணன் சொல்றானே"ன்னாரு மூப்பர். எத்தனை தடவை அவரே சேலை கொடுத்திருக்காரு நாடகத்துக்கு, அந்த மனுஷன்! அவரு தீர்ப்புச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அத்தை போய் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, கனல்ல ஒரு செம்பு கஞ்சித் தண்ணியை ஊத்தினா. புஸ்ஸுன்னு புகை. அன்னையில இருந்து கஞ்சி காய்ச்சுறது மட்டும்தான் அவளுக்கு.

அவ பாட்டை விட்டுட்டான்னு நினைப்பீங்க. விடலை. அந்த ஒரு பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டா. நான் கொண்டு வந்து கொடுத்த பாட்டு, நான் செய்யலைங்குற பாட்டு. அப்பா சோத்துக்கு உட்கார்ந்தா கஞ்சிப்பானையைத் துழாவிக்கிட்டே ஆரம்பிப்பா. அப்பா பாதியில கை கழுவிட்டு வெளிய போயிடுவாரு. தினமும். அவ கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் எங்க அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பார்க்கலை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா பெட்டியில இருந்து அந்தக் கத்திரிப்பூச் சேலையை எடுத்தாரு. வெளுத்து, நாத்தம் போக வெயில்ல போட்டு வெச்சிருந்தாரு. "இனி இது உனக்குத்தானே"ன்னு நீட்டினாரு. எனக்கு இன்னைக்கும் உடம்பு கூசுது, எப்படி மனசு வந்துச்சு அவருக்கு? அத்தை தொடலை. "உடுத்தாததுக்குத் தண்டனை வாங்கியாச்சு அண்ணே. இனி உடுத்தி வேற காட்டணுமா?" பருத்திச் சேலையில இடக்கொச்சிக்குப் போயிட்டா. பட்டுச்சேலை பெட்டியிலயே இருந்து மடிப்பு மடிப்பா அத்துப் போச்சு.

அப்புறம் எத்தனையோ படம் பார்த்தேன். பிடிச்சுதான் பார்த்தேன். ராணி கீழ விழுந்து பாடினா கொட்டகையே கண்ணைத் துடைக்கும். நான் முந்தானையைப் பார்ப்பேன். யார் வீட்டுச் சேலை, யார் தலையில விடியப்போகுதுன்னு. பக்கத்துல இருக்குறவன் ஒன்ஸ்மோர்னு கத்தினா எழுந்து வெளிய வந்துடுவேன்.

அப்பா போயிட்டாரு. அத்தையும் போயிட்டா. நான் ஒரு தடவையாவது இடக்கொச்சிக்குப் போய், அவ வீட்டுக்காரர் முன்னாடி, பிள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்கணும். அப்பா இருந்தவரைக்கும் அப்பா மானம்னு நினைச்சேன். அவர் போன பின்னே, பழசு, எவன் கேட்கப் போறான்னு நினைச்சேன். இப்ப அந்தப் பொய் வளர்ந்து, பொட்டு வெச்சுக்கிட்டு, ஹீரோயினா குரூப்புல வந்து நிக்குது. நீங்க கை தட்டுறீங்க.

டைலரே, எனக்குப் பேசத்தான் தெரியும், இதை வேற ஆளுக்குத் தள்ளத் தெரியாது. நீ தள்ளி விடு. அந்த இடக்கொச்சிப் பொண்ணுக்கு, அவ அம்மாவுக்கு, அந்த வீட்டுல இருக்குற எல்லாருக்கும். பொண்ணு வருத்தப்படும், ஹீரோயின் போயிட்டாளேன்னு. படட்டும். சொல்லு, உங்க கொள்ளுப்பாட்டி அந்தச் சேலையைத் தோய்ச்சா, கறை எடுத்தா, வேணாம்னு முதல்லயே சொன்னா. உடுத்தலை. மூப்பர் கேட்டப்ப அவளே சொன்னா, ஒருத்தனும் காதுல வாங்கலை. அதைக் கேட்டுக்கிட்டு நின்ன பையன் இப்பத்தான் வாயைத் திறக்குறான்னு சொல்லு.

கை தட்டுற பொம்மை எனக்கு வேணாம். முதல்ல இதை அங்க அனுப்புங்க.